ஒஹாயோவில் முதலில் மாறியவர்கள்

வணக்கம் சார்,

கொலம்பஸில் ஐடி வேலையில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கி, இந்த முறைதான் முதன்முதலாக ஆளுநர் தேர்தலில் வாக்களிக்கப் போகிறேன். நான் இங்கே வந்த புதிதில், ‘ஒஹாயோ எந்தப் பக்கமோ அமெரிக்காவும் அந்தப் பக்கம்’ என்று அலுவலகத்தில் சொல்வார்கள். ஒபாமா இரண்டு முறை ஜெயித்த மாநிலம் இது. இப்போது அதிபர் தேர்தல் வந்தால் பிரசாரத்துக்குக்கூட யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. குடியரசுக் கட்சிக்குத்தான் என்று முன்பே எழுதி வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் தமிழ் வாட்ஸப் குழுவில், குடியரசுக் கட்சியில் ஆளுநர் பதவிக்கு நிற்கும் விவேக் ராமசாமியைப் பற்றித்தான் பேச்சு. ‘நம்ம வீட்டுப் பிள்ளை, தமிழ் பேசுகிறார், ஆளுநர் ஆகப்போகிறார்’ என்று ஒரு அணி. ‘அவர் பேச்சைக் கேட்டால் நம்மையே மூட்டை கட்டச் சொல்வார் போலிருக்கிறது’ என்று இன்னொரு அணி. இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டன.

துணை அதிபர் வான்ஸ், விவேக் மாதிரி இளம் தலைவர்கள் வந்துதான் இந்த மாநிலத்தை வலதுபக்கம் இழுத்தார்களா? உருக்காலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர்கள் எப்படிப் பணக்காரர் கட்சிக்கு மாறின? அந்த ஊர்க்காரர்கள் ஒரு இந்துவுக்கு ஓட்டுப் போடுவார்களா? விரிவாக எழுதினால் குழுவில் பகிர்வேன். சண்டை கூடினாலும் பரவாயில்லை.

ஆர்.,
கொலம்பஸ்

அன்புள்ள ஆர்.,

குழுவில் சண்டை கூடத்தான் போகிறது, ஏனென்றால் நான் எழுதப்போவது இரண்டு அணிக்குமே பிடிக்காது.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அவர்கள் இழுக்கவில்லை. மாநிலம் மாறி முடித்த பிறகு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். விவேக் விஷயத்தில் இது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். 2004-ல் சுதந்திரவாதக் கட்சி வேட்பாளருக்கு வாக்களித்ததாகவும், 2008, 2012, 2016 ஆகிய மூன்று அதிபர் தேர்தல்களிலும் வாக்களிக்கவே இல்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அதாவது ஒஹாயோ ஒபாமாவை இரண்டு முறை தேர்ந்தெடுத்து, அப்புறம் டிரம்ப்பிடம் போன அந்த முக்கியமான எட்டு ஆண்டுகளில் மனிதர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. 2014-ல் ஆரம்பித்த ராய்வன்ட் என்ற மருந்து நிறுவனத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். வான்ஸ் 2016-ல் டிரம்ப்பைக் கடுமையாக விமர்சித்துக்கொண்டிருந்தவர். மாநிலத்தை மாற்றியவர்கள் என்ற பட்டத்தை இவர்களுக்குக் கொடுப்பது, ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கான மனிதர்களைக் கணக்கிலேயே எடுக்காத வேலை.

உங்கள் அலுவலகத்தில் சொன்னது சரிதான். 1964 முதல் 2016 வரை நடந்த 14 அதிபர் தேர்தல்களிலும் ஒஹாயோ யாரைத் தேர்ந்தெடுத்ததோ அவர்தான் வெள்ளை மாளிகைக்குப் போனார். 2020-ல் அந்தக் கணக்கு உடைந்தது. டிரம்ப்புக்கு 8 சதவீத முன்னிலை கொடுத்தது, ஜெயித்தது பைடன். 2012-ல் ஒபாமா சுமார் 1.66 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த மாநிலத்தை, நான்கே ஆண்டுகளில் டிரம்ப் 4.46 லட்சம் வித்தியாசத்தில் எடுத்துக்கொண்டார். 2024-ல் நாடு முழுவதும் அவருக்கு ஒன்றரை சதவீத முன்னிலைதான், ஒஹாயோவில் 11. எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலத்துக்கு வரும் எண் இல்லை இது.

ஆனால் ‘ஊதா மாநிலம் திடீரென்று சிவப்பாகிவிட்டது’ என்ற கதையையும் அப்படியே நம்ப வேண்டாம். (சிவப்பு குடியரசுக் கட்சியின் நிறம், ஊதா என்றால் எந்தப் பக்கமும் சாயக்கூடியது.) மாநில ஆட்சியைப் பாருங்கள். (குழுவில் புதிதாக வந்தவர்கள் இருந்தால் சொல்லிவிடுங்கள், அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சர் மாதிரி.) 1991-ல் ரிச்சர்ட் செலஸ்ட் பதவியை விட்டு இறங்கியதிலிருந்து இன்றுவரை ஜனநாயகக் கட்சியில் ஒரே ஒருவர்தான் ஆளுநராக இருந்திருக்கிறார். டெட் ஸ்டிரிக்லண்ட், 2007 முதல் 2011 வரை, ஒரே தவணை. ஒபாமா ஜெயித்த நாட்களிலும் ஒஹாயோவின் உள்வீட்டுச் சாவி பெரும்பாலும் குடியரசுக் கட்சியிடம்தான் இருந்தது. அதிபர் தேர்தலில் மட்டும் அது ஊசலாடிக்கொண்டிருந்தது. அந்த ஊசலாட்டத்தைத் தக்கவைத்தவை சில குறிப்பிட்ட ஊர்கள். அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும்.

யங்ஸ்டவுன். மாநிலத்தின் வடகிழக்கு மூலை, மஹோனிங் ஆற்றங்கரை. ஆறு போகும் வழியெல்லாம் உருக்காலைகள். இத்தாலியர், ஸ்லோவாக்கியர், போலந்துக்காரர், அயர்லாந்துக்காரர், தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள் என்று எல்லோரும் வேலை தேடி வந்து குடியேறிய ஊர். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் தன்னுடைய கேம்பெல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. ஏறக்குறைய 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த ஊரில் இன்றும் அந்த நாளுக்குக் ‘கறுப்புத் திங்கள்’ என்றுதான் பெயர். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஆலைகளும் வரிசையாக மூடப்பட்டன. ஊரிலிருந்த தேவாலயங்கள் கட்சி, பிரிவு பார்க்காமல் ஒன்றுசேர்ந்து, ஆலையை நாங்களே வாங்கி நடத்துகிறோம், மத்திய அரசு கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தால் போதும் என்று கேட்டன. 1979-ல் கார்ட்டர் அரசு மறுத்துவிட்டது. கார்ட்டர் எந்தக் கட்சி? ஜனநாயகக் கட்சி.

இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்பட்டு முடிவுக்குப் போகிறார்கள். ஆலை மூடியது, கோபம் வந்தது, கட்சி மாறினார்கள் என்று. நடந்தது அதுவல்ல. ரீகன் நாட்டையே வாரிச் சுருட்டிய 1984-லும் யங்ஸ்டவுன் இருக்கும் மஹோனிங் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜனநாயகக் கட்சிக்குத்தான் வாக்களித்தது. 1972-ல் நிக்சனைத் தேர்ந்தெடுத்த அந்தக் கவுண்டி, அடுத்து ஒரு குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளருக்கு முன்னிலை கொடுத்தது 2020-ல். ஆலை போன பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விசுவாசம் இருந்திருக்கிறது.

ஏன் இருந்தது? என் கணிப்பு இது. அந்த விசுவாசம் கட்சிமேல் வைத்ததே அல்ல, தொழிற்சங்கத்தின் மேல் வைத்தது. சங்கக் கட்டடத்தில்தான் கல்யாண வரவேற்பு நடக்கும். அப்பாவின் ஓய்வூதியக் கணக்கை விளக்கிச் சொல்லும் ஆள் சங்கத்தில்தான் இருப்பார். தேர்தல் வந்தால் யாருக்கு ஓட்டு என்று சங்கத்திலிருந்து தாள் வரும், அதில் இருக்கும் பெயர் ஜனநாயகக் கட்சிக்காரருடையது. சங்கத்துக்குப் போட்ட ஓட்டு கட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆலை மூடியதும் உறுப்பினர் எண்ணிக்கை குறைந்தது, கட்டடத்தில் கூட்டம் குறைந்தது, தாளைப் படிப்பவர்களும் குறைந்தார்கள். ஆனாலும் அப்பாவின் ஓட்டுப் பழக்கம் பிள்ளையிடம் ஒரு தலைமுறை தங்கும். ஓய்வூதியம் வரும்வரை அந்தத் தலைமுறைக்கு நினைவும் இருக்கும். அது ஓய்ந்த காலமும் டிரம்ப் வந்த காலமும் ஒன்றாக இருந்தன.

நடுவில் அறிகுறிகள் இல்லாமல் இல்லை. ஜிம் டிராஃபிகன்ட் என்ற பெயரை உங்கள் குழுவில் யாருக்காவது தெரிந்திருந்தால் ஆச்சரியப்படுவேன். மஹோனிங் கவுண்டியின் ஷெரிஃபாக, அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த காவல் தலைவராக இருந்தவர். வேலை போனவர்களின் வீடுகளைக் கடனுக்காகப் பறிமுதல் செய்யும் உத்தரவுகளில் கையெழுத்திட மறுத்து, நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்குப் போனார். ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. லஞ்ச வழக்கில் வழக்கறிஞர் வைக்காமல் தானே வாதாடி விடுதலையானார், 1984-ல் நாடாளுமன்றத்துக்கே போனார். ஜனநாயகக் கட்சிக்காரர்தான். ஆனால் பேசியதெல்லாம் வேறு. சீனப் பொருள் வேண்டாம், எல்லையில் ராணுவத்தை நிறுத்து, வருமான வரித் துறை ஒரு கொள்ளைக் கும்பல், வாஷிங்டனே ஊழல் கூடாரம் என்று அவையில் முழங்குவார். தலைமுடியைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதலாம், வேண்டாம். 2001-ல் அவைத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்காரருக்கே வாக்களித்தார். 2002-ல் ஊழல் வழக்கில் தண்டனை, பதவி நீக்கம். அந்த ஆண்டு தேர்தலில் சிறையில் இருந்தபடியே சுயேச்சையாக நின்று சுமார் 15 சதவீத வாக்கு வாங்கினார்!

டிரம்ப்பின் பேச்சை 2015-ல் கேட்ட யங்ஸ்டவுன்காரர்களுக்கு அது புதிதாகவே இருந்திருக்காது. முப்பது ஆண்டுகளாக உள்ளூரில் கேட்டுப் பழகிய பேச்சு. 1992-ல் கனடா, மெக்சிகோவுடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்துச் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோவுக்கு ஒஹாயோவில் ஐந்தில் ஒருவர் வாக்களித்திருக்கிறார். அந்த ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தில் 1993-ல் கையெழுத்திட்டவர் கிளின்டன். பிரதிநிதிகள் சபையில் அவருடைய சொந்தக் கட்சியில் பெரும்பான்மையோர் அதை எதிர்த்தார்கள், குடியரசுக் கட்சியின் ஓட்டுதான் அதை நிறைவேற்றிக் கொடுத்தது. ஆனால் ஊருக்கு ஞாபகம் இருப்பது கையெழுத்துப் போட்டவர் யார் என்பதுதான்.

கட்சி மாறியது எப்படி நடந்தது என்று பார்க்க 2016 மார்ச் 15-க்குப் போக வேண்டும். அன்று ஒஹாயோவில் உள்கட்சித் தேர்தல், அதாவது ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு. உங்களுக்கே தெரிந்திருக்கும், ஒஹாயோவில் எந்தக் கட்சி என்று தனியாக விண்ணப்பம் கொடுத்துப் பதிவதில்லை. உள்கட்சித் தேர்தல் அன்று சாவடிக்குப் போனால் மேசையில் இருக்கும் பணியாளர், எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்பார். நீங்கள் சொல்வதுதான் உங்கள் கட்சி. யங்ஸ்டவுன் மாதிரி ஊரில் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் தெரிந்த முகமாக இருப்பார். அப்பாவோடு ஆலையில் வேலை பார்த்தவராகவோ, பள்ளிக்கூடத்து டீச்சராகவோ இருக்கலாம். அவர் காதுபட ‘குடியரசுக் கட்சிச் சீட்டு’ என்று கேட்டு வாங்க வேண்டும். அன்று மஹோனிங் கவுண்டியில் ஆயிரக்கணக்கான ஜனநாயகக் கட்சியினர் அப்படிக் கேட்டு வாங்கினார்கள். நம்மூரில் கட்சி தாவுவது என்றால் எம்.எல்.ஏ. தாவுவது, சால்வை, பூங்கொத்து, புகைப்படம். அங்கே தாவியவர் வாக்காளர். ஒரு போட்டோவும் கிடையாது.

அந்த நவம்பரில், ஒபாமாவுக்கு 28 சதவீத முன்னிலை கொடுத்திருந்த கவுண்டி ஹிலாரிக்குக் கொடுத்தது வெறும் 3. பக்கத்துக் கவுண்டியான டிரம்புல் அப்போதே முழுதாகச் சாய்ந்துவிட்டது. (பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்.) அங்கே லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய கார் ஆலை இருந்தது. 2017 ஜூலையில் யங்ஸ்டவுனுக்கு வந்த டிரம்ப், வேலைகள் எல்லாம் திரும்பி வரப்போகின்றன, வீட்டை விற்றுவிடாதீர்கள் என்று மேடையிலேயே சொன்னார். 2019 மார்ச்சில் லார்ட்ஸ்டவுன் ஆலையில் உற்பத்தி நின்றுபோனது. 2020 தேர்தலில் டிரம்புல் கவுண்டி அவருக்கு முன்பைவிட அதிக வாக்கு கொடுத்தது.

இதைப் பார்த்து ‘முட்டாள் ஜனம்’ என்று சொல்லும் கொலம்பஸ் நண்பர்கள் உங்களுக்கு இருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாக்குறுதியை நம்பித்தான் ஓட்டுப் போட்டார்கள் என்றால் 2020-ல் குறைந்திருக்க வேண்டும். யாரும் ஆலையைத் திருப்பிக் கொண்டுவரப் போவதில்லை என்பது அந்த ஊருக்கு 1979-லேயே தெரியும். தங்களைப் பற்றி மேடையில் பேசிய ஆளுக்கு ஓட்டுப் போட்டார்கள். அது சரியா தவறா என்பது வேறு விவாதம். ‘தொழிலாளர்கள் பணக்காரர் கட்சிக்குப் போய்விட்டார்கள்’ என்ற வாக்கியம் பாதிதான் உண்மை. எது பணக்காரர் கட்சி என்பதும் இதற்கிடையில் மாறிவிட்டது.

இங்கேதான் உங்கள் வேட்பாளர் வருகிறார். விவேக் 1985-ல் சின்சினாட்டியில் பிறந்தார். அப்பா ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்தார், அம்மா முதியோர் மனநல மருத்துவர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். ஜேசுட் பாதிரியார்கள் நடத்தும் பள்ளி, ஹார்வர்ட், யேல். சின்சினாட்டி இருக்கும் ஹாமில்டன் கவுண்டியின் கதை மஹோனிங்குக்கு நேர் எதிர். அதிபர் டாஃப்ட் பிறந்த இடம், குடியரசுக் கட்சியின் பழைய கோட்டை. 1968 முதல் 2004 வரை ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் அந்தக் கட்சிக்கே. 2008-ல் ஒபாமா உடைத்தார், அதற்கப்புறம் திரும்பவே இல்லை. டிரம்ப் மூன்று முறையும் அங்கே தோற்றார். விவேக் தன் நிதி நிறுவனத்தைத் தொடங்கிய உங்கள் கொலம்பஸ், அதாவது ஃபிராங்க்ளின் கவுண்டி, ஜனநாயகக் கட்சிப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம்.

படித்த, வசதியான, புறநகர் வீட்டுப் பிள்ளை. அவரைப் போன்றவர்கள் வாழும் இடங்கள் அவருடைய கட்சியை விட்டு விலகிக்கொண்டிருக்கின்றன. அவருக்கு ஓட்டு விழவேண்டிய இடங்கள் யங்ஸ்டவுன், ஸ்டூபன்வில், போர்ட்ஸ்மத் மாதிரிப் பழைய ஆலை ஊர்கள். எதிரே நிற்கும் ஜனநாயகக் கட்சியின் ஏமி ஆக்டன் எந்த ஊர்? யங்ஸ்டவுன். வறுமையில், சில காலம் வீடில்லாமல்கூட வளர்ந்தவர். டாக்டரான பிறகு கொரோனா காலத்தில் மாநிலச் சுகாதாரத் துறை இயக்குநராக இருந்தார். தினமும் மதியம் தொலைக்காட்சியில் வெள்ளைக் கோட்டோடு ஆளுநர் டிவைன் பக்கத்தில் நின்றவர். ஆலை ஊரின் ஏழை வீட்டுப் பெண் ஜனநாயகக் கட்சியில், யேல் படித்த கோடீஸ்வரர் குடியரசுக் கட்சியில். ஜாதகத்தை மட்டும் பார்த்தால் 1960-களின் ஒஹாயோ மாதிரியே இருக்கிறது. ஓட்டுதான் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

வான்ஸையும் இதே தட்டில் வைத்துப் பார்க்கலாம். விவேக்கைவிட ஒரு வயது மூத்தவர், யேலில் ஒன்றாகப் படித்த நண்பர். பிறந்தது சின்சினாட்டிக்கு வடக்கே உள்ள மிடில்டவுன், அதுவும் உருக்காலை ஊர்தான். ஆனால் அது இருக்கும் பட்லர் கவுண்டி ஒபாமா காலத்திலும் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தது, எனவே அங்கே ‘மாற்றம்’ என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது 2022 கணக்கு. செனட் உள்கட்சித் தேர்தலில், கடைசி மூன்று வாரத்தில் டிரம்ப் ஆதரவு கொடுத்த பிறகும், வான்ஸ் வாங்கியது 32 சதவீதம்தான். எதிராளிகள் ஓட்டைப் பிரித்துக்கொண்டதால் ஜெயித்தார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் டிம் ரயனை 6 சதவீதத்தில் வென்றார். அதே நாள், அதே சாவடியில், அதே கட்சியின் மைக் டிவைன் ஆளுநர் தேர்தலில் வென்றது 25 சதவீத வித்தியாசத்தில். டிவைன் வாங்கிய வாக்கைவிட வான்ஸுக்கு சுமார் 3.9 லட்சம் குறைவு. டிவைன் பழைய பாணி ஆள், கத்தோலிக்கர், மென்மையாகப் பேசுவார், முகக்கவசம் போடச் சொன்னார் என்று சொந்தக் கட்சிக்காரர்களிடமே திட்டு வாங்கினார். இரண்டே ஆண்டில் வான்ஸ் துணை அதிபர் ஆகிவிட்டதால் இந்தக் கணக்கை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஒஹாயோவில் இன்று குடியரசுக் கட்சிக்கு என்று ஒரு ஓட்டு இருக்கிறது, டிரம்ப்புக்கு என்று ஒரு ஓட்டு இருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும், முழுதாக அல்ல. டிரம்ப் பெயர் சீட்டில் இல்லாத ஆண்டில் அந்த இரண்டாவது ஓட்டு சாவடிக்கு வருமா என்பதுதான் விவேக்கின் தலைவலி.

இன்னொன்று. இந்த மாநிலத்தைப் ‘பழமைவாத மாநிலம்’ என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். 2011-ல் அரசு ஊழியர்களின் கூட்டுப்பேர உரிமையைப் பறிக்கும் சட்டத்தைக் குடியரசுக் கட்சி அரசு கொண்டுவந்தது. மக்கள் வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் தூக்கி எறிந்தார்கள். 2023 நவம்பரில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்ப்பதற்கு கிட்டத்தட்ட 57 சதவீதம் ஆதரவு. அதே நாளில் கஞ்சாவுக்கும் அனுமதி. டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டவர்களில் ஒரு பகுதி இதற்கும் ஓட்டுப் போடாமல் இந்த எண்கள் வராது. ஆனால் சட்டமன்றத்தைப் பாருங்கள், 99 பேர் கொண்ட கீழவையில் குடியரசுக் கட்சிக்கு 65. தொகுதி எல்லை வரைந்த விதம் அப்படி. அதை மாற்றி, அரசியல்வாதிகள் இல்லாத குழுவிடம் கொடுக்கலாம் என்று 2024-ல் ஒரு வாக்கெடுப்பு வந்தது, அதை மக்கள் தோற்கடித்துவிட்டார்கள். சீட்டில் அச்சிட்ட வாசகமே குழப்பமாக இருந்தது என்று ஒரு பெரிய சண்டை நடந்தது, அதற்குள் போனால் இந்தக் கடிதம் முடியாது.

சரி, மூன்றாவது கேள்வி. அந்த ஊர்க்காரர்கள் ஒரு இந்துவுக்கு ஓட்டுப் போடுவார்களா?

பொதுத்தேர்தலில் பெரும்பாலானோர் போடுவார்கள் என்றே நினைக்கிறேன். சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் கட்சி இருக்கும், அதற்கு மேலே டிரம்ப்பின் ஆசி இருக்கிறது. அவருக்குத் தொல்லை வருவது ஓட்டுப் போடும் பொதுமக்களைவிட, அவருடைய அணியிலேயே குரல் பெருத்தவர்களிடமிருந்துதான். அந்தக் கட்சியின் 2024 அதிபர் வேட்பாளர் போட்டியில் அவரும் நின்று பாதியில் விலகினார். அந்த ஆண்டு அவருடைய நிகழ்ச்சிக்கே வந்த வலதுசாரி எழுத்தாளர் ஆன் கூல்ட்டர், நீங்கள் இந்தியர் என்பதால் உங்களுக்கு ஓட்டுப் போட்டிருக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். விவேக் சிரித்துச் சமாளித்தார். அந்த டிசம்பரில் எச்1பி விசாவை ஒட்டி ஒரு சண்டை வந்தபோது, அமெரிக்கக் கலாச்சாரம் சிறப்பைவிடச் சராசரியைக் கொண்டாடுகிறது, கணித ஒலிம்பியாட் ஜெயித்தவனைவிடப் பள்ளி நடன ராணியைத் தூக்கி வைக்கிறது என்று எழுதினார். நம் வீட்டு அப்பாக்கள் சாப்பாட்டு மேசையில் சொல்வதை அப்படியே எக்ஸ் தளத்தில் போட்டுவிட்டார், பாவம். யங்ஸ்டவுன் பேரன் அதை எப்படிப் படிப்பான்? ‘உன் தாத்தாவுக்கு வேலை போனதற்குக் காரணம் உன் சோம்பல்’ என்று படிப்பான். டிரம்ப் அந்த ஊரிடம் சொன்னதற்கு நேர் எதிர் இது. அடுத்த மாதமே, மஸ்க்கோடு சேர்ந்து நடத்துவதாக இருந்த அரசுச் சிக்கனப் பொறுப்பிலிருந்து வெளியேறி, பிப்ரவரியில் ஆளுநர் போட்டியை அறிவித்தார்.

என் பார்வையில் அவருடைய மதத்தைவிட இந்தப் பதிவுதான் அவருக்கு அதிகச் சேதம். கோயிலுக்குப் போகிறவரா என்று கேட்டால் ஒரே கடவுள், குடும்பம், கட்டுப்பாடு என்று பைபிள் படித்தவருக்கும் புரியும் மொழியில் பதில் சொல்லத் தெரிந்தவர் அவர், அதிபர் வேட்பாளர் போட்டிக்காக அயோவா மாநிலத்தில் பிரசாரம் செய்தபோது அதைப் பலமுறை செய்தார். பள்ளி நடன ராணியை விமர்சித்ததற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

‘நம்மவர்’ விஷயம். அயோவா பிரசாரத்தில் வேலூர்க்காரர் ஒருவர் எழுந்து பேசியபோது விவேக் தமிழில் பதில் சொன்ன வீடியோ உங்கள் குழுவிலும் சுற்றியிருக்கும். கேட்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதை வைத்து ஓட்டுப் போடுவது, அதை வைத்து ஓட்டுப் போடாமல் இருப்பது இரண்டும் ஒரே சோம்பல். எதிர் அணி நண்பர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசா, பிறப்புவழிக் குடியுரிமை இரண்டிலும் விவேக் சொன்னவை உங்களைக் கோபப்படுத்தலாம். அவை ஒஹாயோ ஆளுநரின் மேசைக்கு வருபவை அல்ல. அந்த மேசைக்கு வருவது வேறு. வருமான வரியை ஒழிக்கப் போவதாகச் சொல்கிறார். 2026 முதல் அது ஏற்கெனவே ஒரே விகிதம், 2.75 சதவீதம். அதையும் எடுத்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? சொத்து வரியிலிருந்தா? அதையும் குறைப்பேன் என்கிறார். அப்புறம் ஏழைகளுக்கான மெடிகெய்ட். கேசிக் என்ற குடியரசுக் கட்சி ஆளுநர் 2013-ல் விரிவாக்கிய மருத்துவக் காப்பீடு அது. அந்த விரிவாக்கத்தால் பயன்பெறுபவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். மத்திய அரசு தன் 90 சதவீதப் பங்கைக் குறைத்தால் விரிவாக்கம் தானாக நின்றுபோகும் என்று 2025 பட்ஜெட்டில் ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். நின்றுபோனால் முதலில் அடிபடுவது உங்கள் புறநகர் அல்ல, மஹோனிங்கும் டிரம்புலும் தெற்கே நிலக்கரி ஊர்களும். இந்த இரண்டைப் பற்றியும் இரண்டு வேட்பாளர்களிடமும் கேளுங்கள். ஆக்டனிடமும்தான், அவருடைய பதில்களும் இதுவரை வழவழவென்றே இருக்கின்றன என்பது என் எண்ணம்.

நவம்பர் 3 அன்று யார் ஜெயிப்பார் என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. ஆனால் அன்று இரவு தொலைக்காட்சியில் மாநில மொத்தத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் இரண்டு கவுண்டிகளைத் தனியாகப் பாருங்கள். ஒன்று மஹோனிங், டிரம்ப் அங்கே 2020-ல் சுமார் 2 சதவீதத்தில் ஜெயித்து, 2024-ல் அதை நன்றாகப் பெருக்கிக்கொண்டார். இன்னொன்று உங்களுக்கு வடக்கே டெலவேர், நம் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கிய இடம். 2012-ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னிக்கு அங்கே 23 சதவீத முன்னிலை, 2016-ல் டிரம்ப்புக்கு 16, 2020-ல் 7. செனட்டுக்கு ஜனநாயகக் கட்சியின் ஷெராட் பிரவுனும் மறுபடி நிற்பதால் ஒரே சீட்டில் இரண்டு போட்டிகளை ஒப்பிடலாம். மஹோனிங்கில் பிரவுனுக்கும் விவேக்குக்கும் சேர்த்து ஓட்டுப் போட்டவர்கள் இருப்பார்கள், டெலவேரில் அதற்கு நேர் மாறாகப் போட்டவர்களும் இருப்பார்கள். எந்தப் பக்கம் அதிகம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அந்த இரண்டு குடும்பங்களையும் அதற்குள் ஒரு தடவை சாப்பிடக் கூப்பிடுங்கள்.

அன்புடன்.